எருத்தேன்பதியிலிருந்து ஒரு நேரலை

1

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்கு வானத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். போன மே மாதம் விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, அதில் வீடியோ கேமராவை மாட்டி, எருத்தேன்பதி வானத்தை அயர்லாந்துக்கு நேரலையாக அனுப்பினேன். அதை எழுதினால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்றார் நூலகச் செயலாளர். பெருமையாக ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தால், தொலைநோக்கி, கேமரா, லேப்டாப் வரைக்கும் ஒழுங்காக வருகிறது. மைக் என்ற சொல் வந்ததும் கை நின்றுவிடுகிறது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நேரலையில் நான் என் மகளைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். அதை மறைத்துவிட்டு நட்சத்திரங்களை மட்டும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டில் இது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

2

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே என்ற ஊரில். வானம் பார்க்கும் பழக்கம் உள்ளவன் குடியேறக் கூடாத ஊர் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். காலையில் மேகம், மதியம் மழை, சாயங்காலம் மேகமும் மழையும். எப்போதாவது கொஞ்ச நேரம் வானம் திறக்கும். சட்டை போட்டுக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் மூடிவிடும்.

அதனால்தான் கேமரா வாங்கினேன். தொலைநோக்கியில் கண்ணை வைக்கிற இடத்தில் இதை மாட்டிவிட வேண்டும். நம் கண்ணுக்கு வந்த வெளிச்சம் அந்த நொடியோடு தீர்ந்துபோகிறது. இந்தக் கேமரா வந்த வெளிச்சத்தை விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். முதலில் திரையில் வெறும் கறுப்பும் புள்ளிகளும்தான். பத்துப் பத்து நொடியாக ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏற ஏற, கண்ணுக்கு நனைந்த பஞ்சு மாதிரி தெரிந்த ஒன்று நிறத்தோடும் உருவத்தோடும் எழுந்து வரும். தொலைநோக்கி கொல்லையில் குளிரில் நிற்க, நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

என் மகள் கயல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மடியில் உட்கார்ந்து இதைப் பார்ப்பாள். "அப்பா, வருது வருது" என்பாள். பிறகு வளர்ந்தாள். அவள் அறைக்கதவு மூடியே இருக்க ஆரம்பித்தது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தால் என் அண்ணனிடம், "பெரியப்பா, சாப்பிட்டியா?" என்பாள். 'ங்க' போட்டுப் பேசும் எங்கள் பக்கத்தில், பெரியப்பாவைச் 'சாப்பிட்டியா' என்று கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். இவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது உண்மை. ஆனால் அது மருத்துவப் படிப்பு இல்லை, மருத்துவ ஆய்வகம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. நான் ஊரில் "ஆஸ்பத்திரி லைனுங்க" என்று சொன்னேன். அண்ணன் அதை "டாக்டருக்கு" என்று ஆக்கிக்கொண்டார். நான் திருத்தவில்லை. இரண்டாவது வருடம் கயல் படிப்பை நிறுத்திவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நான் அவளோடு பல நாள் பேசவில்லை. ஊரிலோ அவள் அப்போதும் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

3

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தொப்பியைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். குடியேற்ற அலுவலகத்தில் விசா முத்திரைக்காக வரிசையில் நின்றுகொண்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் அம்மாவைத் திட்டலாம். நானும் என் மனைவி சுமதியும் வருடக்கணக்காக அப்படித் திட்டியிருக்கிறோம்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நம் எல்லைப்புற ஊரில் இது நடக்கவே நடக்காது. சித்தூர் தாலுக்கா ஆபீஸில் மலையாளத்தில் எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவுக்கு நாம் முணுமுணுக்கும் தமிழ் ஒரு எழுத்து விடாமல் புரியும். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலத்தில், சூப்பர்வைசரைத் தமிழில் ஏதோ சொல்லப்போய், அவர் என்னைவிட நல்ல தமிழில் திருப்பிக் கொடுத்தார். நாக்கை அடக்கிப் பழகிய ஊர்க்காரன்தான் நான். அயர்லாந்துக்குப் போய்த்தான் அவிழ்த்துவிட்டேன். மே மாதம் அந்த அவிழ்ந்த நாக்கோடு நான் மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வந்தது தனிக் கதை. கொச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி குழாயை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரம் பார்ப்பதற்கு என்றேன். "அவிடெ நக்ஷத்ரம் இல்லே?" என்று கேட்டார். இருக்கிறது சார், மேகத்துக்குப் பின்னால் என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கால்வேயில் நாங்கள் கொஞ்சம் பேர் வானம் பார்க்கிற குழு ஒன்று வைத்திருக்கிறோம். பிரெண்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் அதற்குத் தலைவர். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டத்தைத் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது நேரலையாகப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டிருப்பது அது. அயர்லாந்துக்கு அது அடிவானத்துக்கு மேலே எழும்பவே எழும்பாது. எருத்தேன்பதியில் மே மாதம் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தென்கிழக்கே ஏறி நிற்கும். வடக்கே கஞ்சிக்கோட்டுப் பக்கம் கம்பெனி விளக்குகளால் வானம் மஞ்சளாக இருந்தாலும், தெற்கே ஆனைமலைப் பக்கம் நல்ல இருட்டு. நமக்கு இரவு எட்டரை என்றால் அவர்களுக்கு மாலை நான்கு மணி, டீ குடிக்கிற நேரம். எல்லாம் பொருந்தி வந்தது. நேரலையின் இணைப்பைக் கயலுக்கும் அனுப்பி வைத்தேன், அவள் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை.

4

அமாவாசைக்கு மறுநாள். களத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். வாசல் விளக்கை அணைக்க முடியுமா என்று நங்கையிடம் கேட்டேன்.

"வெளக்கு வெச்சதுக்கப்புறம் ஊட்டு லைட்டெல்லாம் அணைக்கச் சொல்றீங்களே, நல்லாருக்குங்களா கொழுந்தனாரே?"

"கொஞ்ச நேரந்தானுங்க நங்கை."

மனசே இல்லாமல் வாசல் விளக்கை அணைத்தார். சாமி விளக்கை மட்டும் அணைக்க மாட்டேன் என்று சொல்லி, அதன் வெளிச்சம் வெளியே வராதபடி ஒரு முறத்தைக் குறுக்கே சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

போன் வழியாக இணைப்பு கிடைத்தது. லேப்டாப்பில் பிரெண்டனின் குரல் கேட்டது. நான் ஆங்கிலத்தில் இன்ன இடம், இன்ன திசை என்று விளக்கிவிட்டு மைக்கை அணைக்கப் போனேன். பிரெண்டன் தடுத்தார். "அணைக்காதே. பின்னால் ஏதோ பூச்சிகள் கத்துகின்றனவே, அருமையாக இருக்கிறது. அப்படியே விடு" என்றார். விட்டுவிட்டேன். பூச்சிகளுக்கு வந்த யோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஏறிக்கொண்டிருந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. படம் முழுசாக வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு பேர் சும்மா உட்கார்ந்தால் பேச்சு வரத்தான் செய்யும்.

"ஏனுங் கொழுந்தனாரே, கயலு இப்ப எத்தனாவது வருசமுங்க?" என்றார் நங்கை.

"டாக்டருக்குன்னா அஞ்சு வருசம் படிக்கோணுமல்லோ" என்றார் அண்ணன். "இந்நேரம் முடியோணுமே."

"முடியப் போகுதுங்கண்ணா" என்றேன்.

நங்கை கொஞ்சம் தயங்கினார். "இல்லீங்க, கொழிஞ்சாம்பாறையில நம்ம சரசாளப் பாத்தேன். அவ மவ அந்த நாட்டுலதான் இருக்குதாமா. கயலு ஏதோ வயசானவீங்க இல்லத்துல வேலை பாக்குதுன்னு சொன்னா. குளிப்பாட்டறது, துணி மாத்தி உடறதுன்னு..."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நங்கை கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார் என்று இப்போது படுகிறது. அப்போது எனக்குக் காது சூடானது.

"சே சே, யாரையோ பாத்துட்டுச் சொல்றாங்க நங்கை" என்றேன். "பீ மூத்திரம் அள்ளற வேலைக்கு அனுப்பறதுக்கா என்ற புள்ளைய அத்தன தூரம் கூட்டிட்டுப் போனேன்? அந்த மாதிரி வேலைக்கு நம்ம புள்ள போனா அப்புறம் நான் ஊருப்பக்கம் தலை காட்ட முடியுமா?"

"அதான பாத்தேன்" என்று அண்ணன் நிம்மதியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். நங்கை சிரிக்கவில்லை. எழுந்துபோய் முறத்தைச் சரியாக வைத்துவிட்டு வந்தார்.

திரையில் ஒமேகா சென்டாரி முழுசாக வந்திருந்தது. கொட்டி வைத்த சர்க்கரை மாதிரி இருந்தது. பிரெண்டன் ஆகா ஆகா என்றார். என்ன சிரிப்பு அங்கே என்று கேட்டார். குடும்பப் பேச்சு என்றேன். அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கயல் சாப்பிட வந்தாள். அவள் வேலை செய்யும் இல்லத்துக்குப் பக்கத்திலேயே தோழிகளோடு தனியாக இருக்கிறாள். "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். ரசம் ஊற்றிக்கொண்டாள். அந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு என்ன பெயர் என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டாள். நேரலையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். எங்கே பார்த்தாள், யாரோடு பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு மறுபடியும் வானத்தில் ஆசை வந்துவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சி.

நவம்பரில் ஒருநாள், தொலைநோக்கியை இல்லத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். இங்கே நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பெரியவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டிவிடலாம் என்றாள். நான் குளிர் என்றேன், மேகம் என்றேன், முதுகு வலி என்றேன். அந்த இல்லத்துக்குள் நான் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை.

அவள் போன பிறகு சுமதி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நானும் இங்க வந்த புதுசுல, நர்ஸ் ரெஜிஸ்ட்ரேசன் கெடைக்கற வரைக்கும் அந்த வேலைதானுங்க பாத்தேன். அந்த வேலைய வெச்சுத்தான் உங்களுக்கு விசா வந்துச்சு. அப்ப உங்களுக்கு முதுகு வலிக்கலயே."

போனேன். வானம் அன்றைக்கு என் மேல் இரக்கப்பட்டோ கோபப்பட்டோ சுத்தமாகத் திறந்திருந்தது. தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுத்து, பெரிய கூடத்தில் இருந்த டிவியில் இணைத்தேன். பெரியவர்கள் சக்கர நாற்காலிகளிலும் சோபாக்களிலும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நிலாவைக் காட்டினேன். பிறகு ஆண்ட்ரோமீடா. படம் ஏறுகிற நேரத்தில் நான் திரையைப் பார்க்காமல் கயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கு வாயைத் துடைத்துவிட்டாள். ஒருவரின் காது மெஷினைச் சரிசெய்தாள். ஒரு பெரியவர் எழ வேண்டும் என்று சைகை காட்டினார். அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே கழிப்பறைக்கு நடத்திப் போனாள். அவரும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அந்தச் சொல் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அப்போதுதான் எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. கடைசியாக அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் இதையெல்லாம் செய்தவர் நங்கை. குளிப்பாட்டியதும் அவர்தான், துணி மாற்றியதும் அவர்தான். நான் இங்கிருந்து வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லா பாத்துக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பீ மூத்திரம் அள்ளுகிற வேலை என்று நான் யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பது, சொல்லி ஆறு மாதம் கழித்து, அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் கூடத்தில் எனக்கு உறைத்தது. உட்கார நாற்காலி தேடினேன்.

என் பக்கத்தில் மோரா என்ற வயதான அம்மா இருந்தார். என் கையைத் தட்டினார்.

"உங்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பூச்சிகளையும் தெரியும்" என்றார். "மே மாதம் இதே டிவியில் உங்களைப் போட்டாள் இவள். 'என் அப்பாவின் ஊர்' என்று சொல்லி எங்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்தாள். எனக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் நீங்கள் உங்கள் மொழியில் ரொம்ப நேரம் பேசினீர்கள். இவள் ஸ்பூனைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நீங்கள் உங்கள் அண்ணனிடம் சொன்னதைத்தான் சொன்னாள். 'என் மகள் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், அது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை' என்று. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அது உங்களுக்குக் கேட்டிருக்காது."

கயல் அந்தப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்து நின்றாள். மோரா எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "அதை இன்னொரு தடவை உங்கள் மொழியில் சொல்லுங்கள். கேட்க நன்றாக இருந்தது" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் எழுந்து நின்றேன். தமிழில்தான் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன் கண்ணு. நீ இங்க பாக்கற வேலைய வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப என்னை நெனச்சாத்தான் வெக்கமா இருக்குது. உன்ற மூஞ்சியப் பாக்க முடியல."

எல்லோரும் கயலைப் பார்த்தார்கள், மொழிபெயர்ப்புக்காக. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர்களிடம் ஆங்கிலத்தில், "அதையேதான் திரும்பச் சொல்கிறார்" என்றாள்.

கைதட்டினார்கள். நான் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

6

வண்டியில் சாமான்களை ஏற்றும்போது அவளிடம் மன்னித்துவிடு என்றேன். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "எனக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா. என்கிட்ட சொல்லி என்ன? பெரியம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் ஊருக்குப் போன் செய்தேன். அண்ணன் எடுத்தார், நங்கையிடம் கொடுத்தார். மழை பெய்ததா என்று கேட்டேன். தென்னைக்கு வந்த நோய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கயல் எப்படி இருக்குதுங்க என்று அவர் கேட்டார். நல்லா இருக்குதுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறமும் சில தடவை போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் மழையோடு நின்றுவிட்டது. வாய்க்குத் துணிவு வராது என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இந்த மலர் வீட்டுக்கு வந்தால் நங்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். பிடித்ததை அண்ணனுக்கும் வாசித்துக் காட்டுவார். செயலாளர் மன்னிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றி வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

நங்கை, கொழிஞ்சாம்பாறையில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கயல் டாக்டருக்குப் படிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறாள், துணி மாற்றுகிறாள், எங்கள் அம்மாவுக்கு நீங்கள் செய்ததையெல்லாம் அங்கே யார் யாருக்கோ செய்கிறாள். அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்து உங்கள் முகத்துக்கு நேரே நான் அந்தப் பேச்சைப் பேசியபோது, அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.